பழைய பித்தளை மைக்ரோஸ்கோப்பைத் தேய்க்காதீர்கள்

பழைய அறிவியல் கருவிகளைச் செப்பனிடுவதுதான் என் தொழில். பழுப்பேறி, கறுப்புப் புள்ளி விழுந்த மைக்ரோஸ்கோப் வந்தால் நிம்மதியாக இருக்கும். புதுக்குத்துவிளக்கு மாதிரி மின்னினால்தான் வயிறு கலங்குகிறது. ஸ்க்ரூ தலையின் வெட்டுக்குள் வெள்ளையாகக் காய்ந்த பாலிஷ் தெரிந்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது.

19ஆம் நூற்றாண்டுக் கருவிகளில் தெரியும் அந்தப் பொன்னிறம் முழுக்கப் பித்தளையுடையது இல்லை. உலோகத்தை மெருகேற்றி, லேசாகச் சூடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய தூரிகையால் பூசுவார்கள். நிறம் கூட்ட அதில் மஞ்சளோ குங்குமப்பூவோ கலந்ததும் உண்டு. நீங்கள் தேய்த்து எடுப்பது அழுக்கை அல்ல, இந்தப் பூச்சை. கூடவே தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் மழுங்கிப்போகும். சில பாலிஷ்களில் அம்மோனியா இருக்கும். உள்ளே இறுக்கம் தங்கிய மெல்லிய பித்தளைக் குழாயில் அது நாளடைவில் விரிசலே உண்டாக்கிவிடும்.

சரி, தூசியை என்ன செய்வது? மென்மையான உலர்ந்த தூரிகை போதும். ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். லென்ஸுக்கும் அதே கதிதான்: பொருளருகு லென்ஸில் இரண்டு வகைக் கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டியிருப்பார்கள், கரைப்பான் ஓரமாக உள்ளே இறங்கினால் ஒட்டு மங்கிவிடும்.

குழாயை ஏற்றி இறக்கும் குமிழ் நகரவில்லையா? பெரும்பாலும் பழைய கிரீஸ் கெட்டித்துப்போனதுதான் காரணம், ஆனால் பலத்தைக் காட்டினால் குழாயின் முதுகிலுள்ள பல்சட்டத்தின் பற்கள் உடையும், அதற்கு மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்காது. அச்சு நுழையும் இடத்தில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு நாள் பொறுத்து, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

கழற்றவே வேண்டிவந்தால் எந்த ஸ்க்ரூ எந்தத் துளையுடையது என்று குறித்துவையுங்கள், அந்தக் காலத்தில் அதது அதற்கென்றே செய்தது, மாற்றிப் போட்டால் மரை போய்விடும். லென்ஸ் மரைக்கு 1858இல் லண்டன் மைக்ரோஸ்கோப்பிக்கல் சொசைட்டிதான் (பின்னாளில் ராயல் மைக்ரோஸ்கோப்பிக்கல் சொசைட்டி) பொது அளவு கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கருவியில் லென்ஸ் தொலைந்தால் பொருந்துவது கிடைப்பது அபூர்வம். அதனால் பெட்டியில் கிடக்கும் சின்னச் சின்ன உருளைகளையும் மூடிகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், வெயில் விழும் ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம். அடியிலுள்ள ஆடியின் ஒரு பக்கம் பெரும்பாலும் குழிவாக இருக்கும், அது வெயிலைக் குவித்து அருகிலுள்ள துணியையோ காகிதத்தையோ கருக்கிவிடும்.