‘மெத்திலேஷன்’ போத்தலும் பயாப்ஸி பிளாக்கும்

“மெத்திலேஷன் குறைஞ்சிருக்காம் டாக்டர், இதைச் சாப்பிடலாமா?” கோலாலம்பூரில் கீமோ எடுப்பவர்கள் பையிலிருந்து போத்தலை எடுத்துக் காட்டிக் கேட்கும் கேள்வி இது. உள்ளே பெரும்பாலும் ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்), பி12 வைட்டமின்கள்.

மெத்தில் குழு என்பது ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அதை ஏற்றுவதுதான் மெத்திலேஷன். புரதத்தின் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் மேல் அதை ஏற்றும் நொதிகள் நம் உடலில் பல உண்டு. எங்கே ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 4ஆம் லைசினில் மூன்று மெத்தில் ஏறினால் அங்குள்ள மரபணு பெரும்பாலும் விழித்திருக்கும். 27ஆம் லைசினில் ஏறினால் உறங்கிவிடும். 27இல் ஏற்றுவது ஈஇசட்எச்2 நொதி. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்கள் சிலரிடம் இது மரபணு மாற்றத்தால் அளவுமீறி வேலை செய்கிறது. அதை அடக்கும் டாசெமெடோஸ்டாட் மருந்துக்கு அமெரிக்கா 2020இல் அனுமதி தந்தது. சில ரத்தப் புற்றுநோய்களிலோ அதே நொதி செயலிழந்து கிடக்கிறது. பிறகு ‘குறைவு’ என்று எதைச் சொல்வது?

இப்போது மருத்துவர்கள் அதிகம் கவனிப்பது பிஆர்எம்டி5 என்ற ஆர்ஜினின் நொதியை. 9ஆம் குரோமோசோமில் உள்ள எம்டாப் மரபணு சுமார் 10 முதல் 15 சதவீதப் புற்றுநோய்களில் முற்றாக அழிந்துபோகிறது. கணையம், மூளை, நுரையீரல் உறை ஆகியவற்றில் வரும் கட்டிகளில் இது அடிக்கடி தென்படும். எம்டாப் இல்லாவிட்டால் எம்டிஏ என்ற கழிவு செல்லுக்குள் தேங்கி, பிஆர்எம்டி5ஐப் பாதி முடக்கிவிடும். மிச்சப் பாதியை நம்பித்தான் அந்தச் செல் பிழைக்கிறது. எம்டிஏ ஒட்டிய நொதியை மட்டும் தாக்கும் மருந்துகள் மனிதர்களில் சோதிக்கப்பட்டு வருகின்றன.

இந்த எம்டாப் இழப்பைப் பரிசோதனையில் தவறவிடுவது சுலபம். பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைக்கும் கட்டிதான் பிளாக். அதில் புற்றுச் செல் கொஞ்சமாகவும் சாதாரணச் செல் நிறையவும் இருந்தால், சாதாரணச் செல்லின் டிஎன்ஏ அந்த இழப்பை மறைத்துவிடும். பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் ஜீன் பேனல் டெஸ்டின் அறிக்கை ‘இழப்பு இல்லை’ என்று வரும். அப்படிப்பட்ட பிளாக்கில் எம்டாப் புரதத்தைக் காட்டும் சாயப் பரிசோதனை கைகொடுக்கும்: பக்கத்து லிம்ஃபோசைட்டில் (சாதாரண வெள்ளை அணுவில்) சாயம் பிடித்து, புற்றுச் செல்லில் பிடிக்காவிட்டால் இழப்பு. லிம்ஃபோசைட்டிலும் பிடிக்கவில்லையா, சாயம்தான் கோளாறு; திரும்பச் செய்ய வேண்டும். எலும்புத் திசுவை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைத்திருந்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கும், ஈடிடிஏ என்ற மிதமான ரசாயனத்தில் ஊறவைத்தால் பெரும்பாலும் தப்பும். ஆகவே ஜீன் டெஸ்டுக்குப் பணம் கட்டுமுன் பிளாக்கில் புற்றுச் செல் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

போத்தல் விஷயத்துக்கு வருவோம். கேப்சிடாபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர் கூடவே ஃபோலேட் எடுத்தால் மருந்தின் நச்சு கூடும்: வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், உள்ளங்கை உரிதல். பெமெட்ரெக்ஸ்ட் என்ற கீமோ ஊசி போடுபவருக்கோ நேரெதிர்: ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் முதல் டோஸுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கியாக வேண்டும், விட்டால் ரத்த அணுக்கள் சரியும். போத்தலில் எம்ஏஎல் எண் இருப்பது மலேசியாவில் பதிவான பொருள் என்பதற்கு மட்டுமே அடையாளம். உங்கள் கீமோவோடு ஒத்துப்போகுமா என்பதை அது சொல்லாது. போத்தலைக் கீமோ அட்டையோடு சேர்த்தே ஃபார்மசிஸ்டிடம் காட்டுங்கள்.