சுருளைப் பிரிக்காமலே வயரின் நீளம்

பரணில் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். வயர்ச் சுருள் ஒன்று மிச்சம் கிடந்தது. மோட்டார் ரூம் விளக்குக்கு இழுக்க 44 மீட்டர் வேண்டும். நடுவில் ஜாயின்ட் போட எனக்கு மனமில்லை. பைப்புக்குள் மறைந்த ஜாயின்ட் தளர்ந்து சூடானால் வெளியே தெரியாது. அதனால் இழுக்கும் முன்பே நீளம் தெரிந்தாக வேண்டும்.

பூவுக்கு முழம், கடலில் ஆழம் பார்க்கப் பாகம் என்று நமக்குக் கைதான் பழைய அளவுகோல். இரு கைகளையும் விரித்து வயரையும் அப்படி அளக்கலாம். ஆனால் பாகத்துக்கு 2 செ.மீ. பிசகினாலே 27 பாகத்தில் அரை மீட்டருக்கு மேல் போய்விடும். கை களைக்கக் களைக்க விரிப்பு குறைவதால் பிசகு ஒரே பக்கமாகச் சேரும்.

லான் கேபிள் என்றால் கவலையில்லை. அதன் உறையில் பெரும்பாலும் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். இரு முனை எண்களைக் கழித்தால் முடிந்தது. என் வயரில் எண் இல்லை.

சுற்றுகளை எண்ணிப் பார்த்தேன். சுருளின் உள்விட்டம் 16 செ.மீ., வெளிவிட்டம் 24. சராசரி 20, அதை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 62.8 செ.மீ. மொத்தம் 72 சுற்று, ஆக 45 மீட்டர் சொச்சம். ஒரு சுற்று எண்ணத் தவறினாலே ஒன்றேகால் முழத்துக்கும் மேல் போய்விடும் என்பதால் இதை மட்டும் நம்பி வெட்ட முடியாது.

மோட்டார் வைண்டிங் கடைகளில் செம்புக் கம்பி எடைக்குத்தான் வருகிறது. 22 கேஜ் கம்பி ஒரு கிலோ என்றால் சுமார் 280 மீட்டர். வீட்டிலும் ஒரு துண்டை அளந்து நிறுத்து, சுருளையும் நிறுத்து வகுக்கலாம். துண்டு மட்டும் நீளமாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் வயர் ஏறக்குறைய 20 கிராம்தான்; அதில் அரை கிராம் தவறினால் முழுச் சுருளில் ஒரு மீட்டர் தவறும்.

எனக்கு மிகவும் பிடித்தது மின்தடை வழி. வயர் நீள நீள அதன் தடையும் அதே விகிதத்தில் கூடும். சிக்கல் என்னவென்றால், இந்தச் சுருளின் தடை ஓர் ஓமில் பாதி சொச்சம்தான். மல்டிமீட்டரின் சொந்த வயர்களே அதில் பாதி அளவு காட்டிவிடும். பிற்பாடு கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 19-ஆம் நூற்றாண்டில் காட்டிய வழி இதற்கு உதவும்: மின்னோட்டத்தை ஒரு ஜோடி முனைகள் வழியாக அனுப்பு, மின்னழுத்தத்தை வேறு ஜோடியால் அள.

சுருளிலிருந்து சரியாக 3 மீட்டர் வெட்டினேன். 12 வோல்ட் பேட்டரி, பைக் இண்டிகேட்டர் பல்பு, அந்தத் துண்டு, சுருள் நான்கையும் ஒரே வரிசையில் இணைத்தேன். (பல்பு இல்லாமல் இதைச் செய்யவே கூடாது, வயர் கொதிக்கும். வீட்டு மின்சாரத்தில் முயலவும் கூடாது.) மீட்டரை வோல்ட்டில் வைத்து, முறுக்கிய இடங்களைத் தவிர்த்து அவற்றுக்கு உட்புறமாக முனைகளைத் தொட்டேன். துண்டில் 32.4 மில்லிவோல்ட், சுருளில் 494. வகுத்தால் 15.25, மூன்றால் பெருக்கினால் 45.7 மீட்டர்.

இதன் அழகு எதெல்லாம் தேவைப்படவில்லை என்பதில் இருக்கிறது. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், அதனால் அது எத்தனை ஆம்பியர் என்று தெரிய வேண்டாம். செம்பின் தடை 10 டிகிரி சூட்டுக்கு 4 சதவீதம் ஏறும். மீட்டருக்கு இத்தனை ஓம் என்று சொல்லும் அட்டவணையை நம்பினால் 46 மீட்டர் 48 ஆகிவிடும். இங்கே இரண்டும் ஒரே நிழலில் கிடந்தால் போதும். கம்பி சற்று மெலிந்திருந்தாலும், செம்பு பூசிய அலுமினியமாகவே இருந்தாலும் விகிதம் மாறாது. 44 மீட்டரை நம்பி இழுத்தேன். ஒன்றரை மீட்டருக்கு மேல் மிஞ்சியது.

சுவருக்குள் போன இரட்டைக் கம்பி கேபிளில் ஒன்று அறுந்துவிட்டால் மின்னோட்டமே ஓடாது. அப்போது கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், அளக்கும் மல்டிமீட்டர் கைகொடுக்கும். அருகருகே ஓடும் இரு கம்பிகள் ஒரு கெபாசிட்டர் போலத்தான். நீளம் கூடினால் அதன் அளவும் கூடும். மெயினை அணைத்து, இரு முனைகளையும் கழற்றிவிட்டு, அறுந்த கம்பிக்கும் நல்ல கம்பிக்கும் நடுவே ஒவ்வொரு முனையிலிருந்தும் அளக்க வேண்டும். 24 மீட்டர் கேபிளில் இந்த முனையில் 1.8 நானோஃபாரட், அந்த முனையில் 0.6 என்று வந்தால் அறுந்த இடம் இங்கிருந்து 18 மீட்டரில். அந்த இடத்தில் மட்டும் சுவரைக் கொத்தினால் போதும்.