ஒரு நோ-பாலுக்கு எதற்கு ஒன்றரை லட்சம் பவுண்டு?

லண்டன் லார்ட்ஸ் மைதானம், 2010 ஆகஸ்ட் 26. இங்கிலாந்து இன்னிங்ஸின் மூன்றாவது ஓவர், முதல் பந்து. பாகிஸ்தானின் 18 வயது பவுலர் முகமது ஆமிர் ஓடி வந்து கோட்டைத் தாண்டி எங்கேயோ காலை ஊன்றுகிறார். நோ-பால். எந்த ஓவர், எந்தப் பந்து என்பதை மஜார் மஜீத் என்ற தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சூதாட்டக் கும்பலின் ஆள் போல நடித்த பத்திரிகையாளரிடம் அவர் வாங்கியது மொத்தம் 1,50,000 பவுண்டு.

அந்த நோ-பால் மேல் பெரிய பந்தயம் கட்டித்தான் இந்தப் பணத்தை எடுப்பார்கள் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரே ஒரு நோ-பால் மேல் ஒருவன் பெரிய தொகை வைத்தாலே பந்தயம் நடத்தும் புக்கிக்குச் சந்தேகம் வந்துவிடும். அது வெறும் சாம்பிள்தான், ஆட்டக்காரர்கள் தன் கையில் இருக்கிறார்கள் என்று தரகர் காட்டுவதற்கு.

சரி, காசு எங்கே இருக்கிறது? செஷனில், அதாவது குறிப்பிட்ட சில ஓவரில் எத்தனை ரன் வரும் என்ற பந்தயத்தில். முதல் 6 ஓவரில் 50 ரன் வருமா வராதா என்று ஒரு பந்தயம் போகிறது என்று வையுங்கள். புக்கி அந்த 50-ஐ வருவதற்கும் வராததற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்படி வைத்திருப்பான். அந்த ஆறில் ஒரு ஓவர் போடுகிறவர் வேண்டுமென்றே ஐந்தாறு ரன் கூடுதலாகக் கொடுத்தால் போதும், அந்தப் பாதி ஏறக்குறைய மூன்றில் இரண்டாகிவிடும். ஒருமுறை தோற்றாலும் பத்து செஷனில் கணக்கு நேராகிவிடும். மேட்சையே விற்க வேண்டுமென்றால் பல பேரை வளைக்க வேண்டும், அதில் ஒருவராவது வாயைத் திறப்பார். இதற்கு ஒரு பவுலர் போதும், அவருடைய அணி ஜெயித்தாலும் கவலையில்லை.

கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், கிரிக்கெட்டே பந்துக்குப் பந்து ஏறி இறங்கும் ஆட்டம். டி20-யில் ஒரு ஓவருக்கு 14 ரன் போவது சாதாரணம், நல்ல பவுலருக்கும் போகும், அதனால் ஸ்கோர் கார்டை வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அந்த லார்ட்ஸ் இன்னிங்ஸிலேயே ஆமிர் 84 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார்! எனக்கு இன்னும் வலிப்பது அதுதான்.

ஆதாரம் மைதானத்துக்கு வெளியேதான் கிடைக்கிறது. 2000-ல் டெல்லி போலீஸ் ஒட்டுக்கேட்ட போன் பேச்சால்தான் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியே மாட்டினார். லார்ட்ஸ் விவகாரத்தில் ரகசிய வீடியோ. 2011-ல் லண்டன் நீதிமன்றம் கேப்டன் சல்மான் பட்டுக்கு 30 மாதம், அதே ஆட்டத்தில் சொல்லிவைத்து நோ-பால் போட்ட இன்னொரு பவுலர் ஆசிஃபுக்கு ஓராண்டு, ஆமிருக்கு 6 மாதம் சிறை கொடுத்தது.

வலை விரிக்கிறவன் எடுத்ததும் நோ-பால் கேட்க மாட்டான். பிட்ச் எப்படி, மழை வருமா என்று கேட்பான். 1994-ல் இலங்கையில் ஆஸ்திரேலிய வீரர்கள் ஷேன் வார்னும் மார்க் வாவும் இந்த மாதிரித் தகவலுக்குத்தான் காசு வாங்கினார்கள். ஆஸ்திரேலிய போர்டு அபராதம் போட்டு, 1998 வரை அதை மூடி மறைத்தது. அப்புறம் 2019-ல் வங்கதேச வீரர் ஷாகிப் அல் ஹசன். அவர் எந்த ஆட்டத்தையும் விற்றதாகக் குற்றச்சாட்டே இல்லை, தரகர் அணுகியதை ஐசிசியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்கே இரண்டு ஆண்டு தடை, அதில் ஓராண்டு நிறுத்திவைப்பு. கடுமை என்று சிலர் சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. முதல் மெசேஜ் வந்த அன்றே சொன்னால்தான் விசாரிப்பவர்கள் கையில் ஒரு போன் நம்பராவது சிக்கும்.