மரத்தூளில் ஏது புரதம்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வைக்கோல் விலை ஏறிப்போச்சு. பக்கத்து அறுவை மில்லில் மாமரத்தூள் கொட்டிக் கிடக்குது. அதில் சிப்பிக் காளான் வருமா? வந்தாலும், தூளில் இல்லாத சத்து காளானுக்கு எங்கிருந்து வரும்?"

வரும். தூளை நனைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் தவிடு கலந்து, பையில் அடைத்து, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் சோளத்தில் வளர்த்த விதையைப் போட வேண்டும். இருட்டறையில் மூன்று வாரம். பை முழுக்க வெள்ளை படர்ந்ததும் கீறிவிட்டு, அறையை ஈரமாக வைத்தால் மொட்டு கட்டும். எந்த ரகம் என்பதைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேக்குத் தூள் மட்டும் வேண்டாம். காளானும் ஒரு பூசணம்தான்; பூசணத்தை அண்டவிடாத சரக்கு தேக்கின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலேயே இருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் அருமை. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினையே உடைக்கும் நொதி இந்தக் காளானிடம் உண்டு. அதனால் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நைட்ரஜனுக்கு. அது இல்லாமல் புரதம் ஏது? மரத்தில் கார்பன் அதைப்போலச் சில நூறு மடங்கு. காட்டில் பட்டமரத்தில் முளைக்கும் சிப்பிக் காளான் அப்போது என்ன செய்யும்? வேட்டைக்குப் போகும்.

அதன் இழைகளில் குச்சிமிட்டாய் மாதிரி நுண்ணிய குமிழ்கள் நிற்கின்றன. ஊர்ந்து வரும் நூற்புழுவின் தலை பட்டால் போதும், குமிழ் உடைந்து 3-ஆக்டனோன் என்ற ஆவி கிளம்பும். அது புழுவின் செல் சவ்வைச் சிதைக்க, கால்சியம் உள்ளே வெள்ளமாய்ப் பாயும். சில நிமிடங்களில் புழு விறைத்துக் கிடக்கும். இழை மெல்ல உள்ளே புகுந்து நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். காளான் புழு தின்னும் என்பது 1984-லேயே தெரியும். அந்த ஆவியைத் தைவான் ஆய்வாளர்கள் பிடித்தது 2023-ல். பூசண ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கிள்ளிக் கொடுத்தால் இப்படித்தான் இழுக்கும்.

புரட்டாசியில் கறிக்குப் பதில் காளான் வாங்குவோர் பதற வேண்டாம். வேகவைத்த பையில் புழுவுக்கு வேலையில்லை. அங்கே நைட்ரஜன் தருவது தவிடு. அதற்காக அள்ளிப் போட்டுவிடாதீர்கள். என் முதல் பத்துப் பையில் தவிட்டை இரட்டிப்பாக்கினேன். எட்டாம் நாள் பார்த்தால் ஏழு பையில் பச்சைப் பூசணம்.

'30 சதவீதம் புரதம்' என்று விளம்பரத்தில் படித்தால், அது காய்ந்த காளான் கணக்கு. பறித்த காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமுக்குப் புரதம் சுமார் 3 கிராம். ஒரு முட்டையில் அதைப்போல் இரு மடங்கு. பொட்டாசியமும் பி வைட்டமின்களும் உண்டு, கொழுப்பு சொற்பம். சமைக்கும் முன் நறுக்கி, மடிப்புப் பக்கம் மேலே தெரிய உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள். காளானிலுள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி ஆகும். வாசலில்தான் வைக்க வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.