சாண்டர் வாங்கும்முன் தூள் போகும் வழியைப் பாருங்கள்

மரவேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் சாண்டர் வாங்கலாம்?" என்பதுதான். உப்புத்தாளை மாட்டி மரத்தைத் தேய்க்கும் மெஷின்தான் சாண்டர். இருபது வருடத்துக்கு மேல் மரம் தேய்த்தே பிழைக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வாட்டைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்த மெஷின் தேய்த்த தூள் எங்கே போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

நான் வேலை பழகிய பட்டறையில் யாரும் முகமூடி போட்டதில்லை. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் துண்டில் அன்றைக்கு எந்த மரம் தேய்த்தோமோ அந்த நிறம் இருக்கும். தேக்கு என்றால் பழுப்பு, ஈட்டி என்றால் கிட்டத்தட்டக் கறுப்பு. "தொழில்னா அப்படித்தான்" என்பார்கள், நானும் நம்பினேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை, 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கு அறையிலும் அதை ஒட்டிய சைனஸ்களிலும் வரும் புற்றுநோய் அது. இது எனக்குத் தெரியவந்தபோது தொழிலில் பாதி வயது போய்விட்டது. ஆஸ்துமா, தோல் அரிப்பு எல்லாம் தனி.

இழைப்புளி சீவிய சுருள் காலடியில் விழும், பெருக்கி அள்ளிவிடலாம். சாண்டர் தூள் அப்படியில்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பகுதி மெஷினை நிறுத்திய பிறகும் வெகுநேரம் காற்றில் மிதக்கும். வேலை முடிந்தது என்று முகமூடியைக் கழற்றி, நிம்மதியாக மூச்சை இழுக்கும் நேரத்தில்தான் அது உள்ளே போகிறது.

அதனால் கடையில் மெஷினைக் கையில் எடுத்ததும் திருப்பி அடியைப் பாருங்கள். உப்புத்தாள் ஒட்டும் அடித்தட்டில், அதாவது பேடில், துளைகள் இருக்கின்றனவா? அவற்றுக்குப் பொருந்தும் துளை போட்ட உப்புத்தாள் தடையில்லாமல் கிடைக்குமா? பின்பக்கக் குழாயில் வேக்குவம் ஹோஸ் சரியாகப் பொருந்துமா? கூடவே வரும் சின்னத் துணிப்பையை நம்பாதீர்கள். பருந்தூளைப் பிடித்துக்கொண்டு, நுண்தூளைத் துணியின் இழைவழியே வெளியே விட்டுவிடும். வேக்குவத்தோடு இணைத்தால்தான் பிரயோஜனம், அந்த வேக்குவத்திலும் நுண்தூளைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்95 தரத்தில் முகத்தோடு படியும் முகமூடி. வாயில் கைக்குட்டை கட்டிக்கொள்வது மனதுக்கு மட்டும்தான் ஆறுதல்.

ஒரே ஒரு சாண்டர்தான் வாங்க முடியும் என்றால் 5 அங்குல ரேண்டம் ஆர்பிட்டல் வாங்குங்கள். மேசைப் பலகை, அலமாரிக் கதவு, நாற்காலிக் கை எல்லாவற்றுக்கும் அது போதும். அதன் பேட் சின்னச் சின்ன வட்டமாக அசைந்துகொண்டே தானாகவும் சுழலும். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகாததால் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே ஓடினாலும் கீறல் பளிச்சென்று தெரியாது. அசைவின் அளவு 2.5 மில்லிமீட்டர் என்றால் பாலிஷுக்கு முந்தைய மழமழப்புக்கு நல்லது. 5 மில்லிமீட்டர் வேகமாக அரிக்கும், ஆனால் தடம் கொஞ்சம் முரடாக விழும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

உப்புத்தாள் பட்டையாகச் சுற்றி ஓடும் பெல்ட் சாண்டரைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். கனமான பலகைகளை ஒட்டி மேடுபள்ளம் சமன் செய்ய அதற்கு இணை கிடையாது. ஆனால் பிளைவுட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு பல சமயம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு கதவில் சின்னப் பசைக்கறையை எடுக்கப்போய், இரண்டு வினாடிகளில் அடிமரம் தெரிய நின்றிருக்கிறேன். அதற்கு வைத்தியமே இல்லை, கதவையே மாற்றிக் கொடுத்தேன். கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் என்ற, உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டை மாட்டித் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கருவி அது, மரத்தில் குழி போட்டுவிடும், தூளையும் முகத்திலேயே அடிக்கும். மூலை முடுக்குக்கு முக்கோணப் பேட் வைத்த சின்ன சாண்டர் போதும்.

வாட் மோகம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ரேண்டம் ஆர்பிட்டலை அழுத்தினால் பேடின் சுழற்சி நின்றுபோகும், வட்ட அசைவு மட்டும் மிஞ்சும். அப்போது மரத்தில் பன்றிவால் மாதிரிச் சுருள் சுருளாகக் கீறல் விழும். வெறும் மரத்தில் அது தெரியாது. ஒரு தேக்கு மேசைக்குச் சாயம் பூசிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, ஜன்னல் வெளிச்சத்தில் பலகை முழுக்கச் சுருள்கள். சாயத்தை எல்லாம் எடுத்துவிட்டு முரடான 80 நம்பர் உப்புத்தாளிலிருந்து மறுபடி தொடங்கினேன். அதற்குப் பிறகு பேடின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்ற மாதிரித் தெரிந்தால் என் கை அழுத்துகிறது என்று அர்த்தம். மெஷினின் எடையே போதும், வினாடிக்கு ஓர் அங்குலம் என்று நகர்த்தினால் சரி. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்; 80, 120, 180 என்று படிப்படியாகப் போங்கள். 80-லிருந்து நேராக 220-க்குத் தாவினால் பழைய கீறல் அடியிலேயே கிடக்கும்.

கையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க அதிர்வைப் பிடித்திருந்தால் விரல்கள் மரத்துப்போய், குளிர்ந்த நேரத்தில் வெளுத்துவிடும் நோய் ஒன்று வரும். நல்ல மெஷின்களின் கையேட்டில் அதிர்வு அளவு 'மீட்டர்/வினாடி²' என்று போட்டிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ம் ஆண்டு நெறிமுறைப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அளவு 2.5-ஐ எட்டினாலே வேலை கொடுப்பவர் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. வாங்கும்போது இரண்டு மெஷின்களின் எண்ணையும் ஒப்பிட்டுக் குறைந்ததை எடுங்கள். தேய்ந்த பேடை மாற்றாமல் ஓட்டினாலும் அதிர்வு கூடும்.

தூள் பையை அன்றன்றே, பட்டறைக்கு வெளியே காலி செய்யுங்கள். வார்னிஷ், பாலியூரித்தேன், ஆளிவிதை எண்ணெய் பூசிய மரத்தைத் தேய்த்த தூள் பைக்குள் அடைந்து கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆணி உரசி விழுந்த ஒரு பொறியும் உள்ளே கனிந்துகொண்டு கிடக்கலாம். பழைய பெயின்ட் அடித்த கதவு ஜன்னல் வந்தால், அதில் ஈயம் இல்லை என்று தெரியாமல் சாண்டரை வைக்காதீர்கள்.

இப்போது கையில் இருக்கும் சாண்டர் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. வழக்கம்போல் ஒரு பலகையைத் தேய்த்து முடியுங்கள். முகமூடியைக் கழற்றாமல் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சை மேசைக்கு மேலே பக்கவாட்டில் அடித்து, ஒளிக்கற்றைக்கு எதிர்ப்பக்கமாக நின்று பாருங்கள். மின்னிக்கொண்டே மிதப்பதெல்லாம் உங்கள் மெஷின் பிடிக்காமல் விட்ட தூள். ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அடித்துப் பாருங்கள்.