மேம்பாட்டு நகைச்சுவையா?

“டெல் குளோஸ், சிகாகோவின் புகழ்பெற்ற மேம்பாட்டு நகைச்சுவை ஆசிரியர்; நகைச்சுவைப் புத்தகங்களும் எழுதியவர்.” போன வாரம் திருத்தக் கொடுத்த மொழிபெயர்ப்பில் முதல் வரியே இது. இந்த ‘மேம்பாட்டு நகைச்சுவை’ என் கண்ணில் படுவது எத்தனையாவது தடவையோ! ஊரக மேம்பாடு தெரியும். நகைச்சுவைக்குமா துறை வைத்திருக்கிறார்கள்?

மூலச்சொல் இம்ப்ரொவைஸ்; எழுதி வைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே அப்போதைக்கப்போது கட்டி நடிப்பது. லத்தீன் வேர், இத்தாலி வழியாக வந்தது. ‘முன்னரே பார்த்து வைக்காதது’ என்று பொருள். மேம்படுத்துகிற இம்ப்ரூவ் ‘ஆதாயம்’ என்ற வேரிலிருந்து வந்த வேறு குடும்பம். அவ்வளவுதான் விஷயம்.

கொஞ்சம் யோசித்தவர்கள் ‘திடீர் நகைச்சுவை’ என்கிறார்கள். இதுவும் எனக்கு இறங்கவில்லை. திடீர் சாம்பார் என்றால் எவரோ முன்பே அரைத்துப் பொட்டலம் கட்டியது. நாம் வெந்நீர் ஊற்றுகிறோம். இங்கே பொட்டலமே கிடையாது. குளோஸ் வளர்த்தெடுத்த ‘ஹெரால்ட்’ என்ற வடிவத்தில் பார்வையாளர் ஒரு சொல் கொடுப்பார். அதிலிருந்து காட்சிகள் கிளைத்து, ஒன்றையொன்று தொட்டு, கடைசியில் பின்னிக்கொள்ளும். சிரிப்புக்காக அவசரப்படாதே என்பதுதான் அவர் பாடமே. இதில் எங்கே திடீர்?

கர்நாடக இசையில் பாடகர் அப்போதே கற்பனையில் விரிப்பதைச் சொல்கிற ‘மனோதர்மம்’ நல்ல சொல்தான். ஆனால் காதில் விழுந்ததும் தம்புரா சேர்ந்து கேட்கிறது.

என் ஓட்டு ‘ஆசு’வுக்கு. ஆசு என்றால் விரைவு. கேட்ட மாத்திரத்தில் பாடுகிறவர் ஆசுகவி; நம்மிடம் இருக்கிற சொல். ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடி என்றார்களாம். காளமேகம் அந்த இடத்திலேயே முருகன்மேல் வெண்பா பாடினாராம். சபை சொல் கொடுக்கிறது, கலைஞன் கட்டுகிறான். சிகாகோவிலும் அதுதானே நடந்தது? ஆசுக்குக் ‘குற்றம்’ என்றும் பொருள் உண்டே என்பார்கள். இருக்கட்டும். மேடையில் வாய் தவறி விழுந்ததையே அடுத்த காட்சிக்குப் பிடியாக்குகிற கலை இது.

அப்புறம் அந்த ‘நகைச்சுவைப் புத்தகங்கள்’. மூலத்தில் ‘காமிக் புக்ஸ்’ என்று இருந்திருக்கும். ஜான் ஆஸ்ட்ராண்டரோடு சேர்ந்து 1987-இல் டிசி காமிக்ஸுக்கு குளோஸ் எழுதத் தொடங்கிய ‘வேஸ்ட்லேண்ட்’ திகில் தொடர். சிரிக்கலாம் என்று வாங்கியவர் பாவம். 1972-இல் முத்து காமிக்ஸ் வந்த நாளிலிருந்து நாம் காமிக்ஸ் என்றே சொல்கிறோம். தூய தமிழ் வேண்டுமானால் படக்கதை. ‘ஆசிரியர்’ வேறு, கற்பித்தவரா எழுதியவரா என்று குழப்புகிறது.

“ஆசு நாடகம் கற்பித்தவர், படக்கதைகளும் எழுதியவர்” என்று திருத்தி அனுப்பினேன். ‘ஆசு’வைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பி வந்தது: “‘அச்சு’ என்று இருக்க வேண்டுமோ?”