வரிசை எண்ணுக்கு வந்த கடிதம் துப்பாக்கிக்குச் சான்றாகுமா?

கோல்ட் நிறுவனத்தின் 1911 மாடல் கைத்துப்பாக்கியைக் குடும்பச் சொத்தாகப் பெற்றவர்களும், அதை ஏலத்தில் எடுக்க நினைப்பவர்களும் மதிப்பீட்டுக்காக என்னிடம் வரும்போது, பெரும்பாலும் கையில் ஒரு கடிதத்துடன் வருகிறார்கள். கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு, கட்டணம் பெற்றுக்கொண்டு, பழைய அனுப்புகைப் பதிவேடுகளைப் பார்த்து எழுதித் தரும் கடிதம் அது. இன்ன வரிசை எண் கொண்ட துப்பாக்கி இன்ன நாளில் இன்னாருக்கு அனுப்பப்பட்டது, அந்தச் சரக்கில் மொத்தம் இத்தனை துப்பாக்கிகள் இருந்தன என்ற விவரங்கள் அதில் இருக்கும். அனுப்பிய நாள் 1912-இன் தொடக்க மாதங்களில் அமைந்துவிட்டால், கொண்டு வந்தவருக்கு அதற்குமேல் ஆராய எதுவும் இல்லை என்றே தோன்றிவிடுகிறது. அந்தக் கடிதம் உண்மையானது, மதிப்பும் உள்ளது. ஆயினும் அது பேசுவது ஒரு வரிசை எண்ணைப் பற்றி மட்டுமே. இன்று மேசைமீது இருக்கும் துப்பாக்கியின் எந்தெந்தப் பாகம் அன்று தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதை அந்தக் கடிதத்தால் சொல்ல முடியாது. பெரும் தொகை கொடுத்து ஏமாந்தவர்களில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டவர்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி, 1911 மார்ச் மாதச் சோதனையில் 6000 குண்டுகளை ஒருமுறைகூடத் தடைபடாமல் சுட்டு முடித்தது. போட்டியில் இருந்த சாவேஜ் நிறுவனத்தின் துப்பாக்கியால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதே ஆண்டு மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் இதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. முதல் 50 துப்பாக்கிகள் 1912 ஜனவரி 4 அன்று ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் தொழிற்சாலையில் இருந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த அரசு ஆயுதச் சாலைக்கு அனுப்பப்பட்டன. (ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி என்ற இதே பெயரில் இன்று இல்லினாய் மாநிலத்தில் இயங்குவது வேறொரு தனியார் நிறுவனம், அரசு ஆயுதச் சாலை 1968-இல் மூடப்பட்டது. விற்பனை விளம்பரங்களில் இரண்டும் அடிக்கடி குழப்பப்படுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) 1912 முடிவதற்குள் வரிசை எண்கள் ஏறத்தாழ 17,250-ஐ எட்டிவிட்டன. அந்த முதல் ஆண்டுத் துப்பாக்கிகளைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அவற்றிலும் முதல் சில ஆயிரத்தில் வரும் எண்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

இவற்றுள் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலையிலேயே இருப்பவை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கான காரணம் இந்தத் துப்பாக்கியின் சிறப்பிலேயே அடங்கியிருக்கிறது. எந்தத் துப்பாக்கியின் பாகத்தையும் கழற்றி வேறொன்றில் பொருத்தினால் அது பழுதின்றிச் சுட வேண்டும் என்பது ராணுவத்தின் எதிர்பார்ப்பு. அதற்கேற்பவே இது செய்யப்பட்டது. மெக்சிகோ எல்லையில் தொடங்கி இரண்டு உலகப் போர்கள் வரை பயன்பட்ட துப்பாக்கிகள், பழுதுபார்ப்பதற்காக ஸ்பிரிங்ஃபீல்ட், ராக் ஐலண்ட், அகஸ்டா போன்ற அரசு ஆயுதச் சாலைகளுக்குத் திரும்பி வந்தன. அங்கே நூற்றுக்கணக்கில் பிரித்துப் போடப்பட்ட பாகங்கள், எது எந்த எண்ணுக்கு உரியது என்ற கணக்கு இல்லாமல் மீண்டும் பூட்டப்பட்டன. தொழிலாளிகள் மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. களத்துக்குப் போக வேண்டிய ஆயுதத்துக்கு அதுவே சரியான முறை. ஆனால் வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பது ஃபிரேமில், அதாவது கைப்பிடியோடு கூடிய அடிச்சட்டத்தில். ஆகவே ஃபிரேம் மட்டும் 1912-ஐச் சேர்ந்ததாகவும், அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியான ஸ்லைடு 1917-ஐச் சேர்ந்ததாகவும், குண்டு பாயும் குழலான பேரல் இரண்டாம் உலகப் போர்க் காலத்ததாகவும் இருக்கும் துப்பாக்கிக்கும், கேட்டால் அதே கடிதம்தான் வரும்.

ஆகவே கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் துப்பாக்கியைப் படிக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது ஸ்லைடின் இடப்பக்கத்தை. அங்கே காப்புரிமை நாள்கள் பொறிக்கப்பட்டிருக்கும். தொடக்ககால ஸ்லைடுகளில் அந்த வரிசை 1911 பிப்ரவரி 14 என்ற நாளோடு முடிந்துவிடும். பிரௌனிங்குக்கு அடுத்த காப்புரிமை 1913 ஆகஸ்ட் 19 அன்று கிடைத்த பிறகே அந்த நாளும் சேர்த்துப் பொறிக்கப்பட்டது. அப்படியானால், 1912 வசந்த காலத்தில் அனுப்பப்பட்டதாகக் கடிதம் சொல்லும் ஒரு துப்பாக்கியின் ஸ்லைடில் 1913 ஆகஸ்ட் 19 என்று இருந்தால், அந்த ஸ்லைடு பின்னால் மாற்றப்பட்டது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. மூன்று இலக்க எண் கொண்ட ஃபிரேமின் மேல் இப்படி ஒரு ஸ்லைடு பூட்டப்பட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் அந்த வரியைப் பலமுறை வாசித்திருந்தும், கடிதத்தில் இருந்த நாளோடு அதை ஒப்பிடவில்லை. ஒப்பிட ஒரு நிமிடம் போதும். வாங்குவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள்.

அடுத்துப் பார்ப்பது கோல்ட் நிறுவனத்தின் அடையாளமான, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் குதிரை. தொடக்கத்தில் அது ஸ்லைடின் பின்பகுதியில், ஒரு வட்டத்துக்குள் பொறிக்கப்பட்டது. பிற்காலத்தில் வட்டமும் போனது, குதிரை நின்ற இடமும் மாறியது. ஃபிரேமின் இடப்பக்கத்தில், அமெரிக்க அரசின் உடைமை என்ற பொறிப்பு இருக்கும். முதல் நூற்றுச் சொச்சம் துப்பாக்கிகளில் அதன் எழுத்துகள் பெரியவை, பிறகு வந்தவற்றில் சிறியவை. அதே பக்கத்தில், ராணுவ ஆய்வு அதிகாரியாக இருந்த வால்டர் ஜி. பென்ஃபீல்டின் முதலெழுத்துகளான டபிள்யூ.ஜி.பி. ஒரு வட்டத்துக்குள் இருக்க வேண்டும். டிரிகருக்குப் பின்னால் ஃபிரேமில் விரலுக்கு இடம் தரும் பிறை வடிவ வெட்டு இருந்தால், அது 1920-களில் வந்த மாற்றத்துக்குப் பிந்தைய ஃபிரேம். அதில் இருக்கும் சிறிய எண்ணை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஸ்லைடின் வலப்பக்கத்தில் ராணுவம் என்று இருக்கிறதா, கடற்படை என்று இருக்கிறதா என்பதையும் கடிதத்தோடு ஒப்பிட வேண்டும். 501 முதல் 1000 வரையிலான எண்கள் கடற்படைக்குச் சென்றவை. கடற்படைத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை குறைவு, விலையும் கூடுதல். அதனாலேயே அந்தப் பொறிப்பை மோசடியாக உருவாக்குவோரும் இருக்கிறார்கள்.

பொறிப்புகளைச் சரிபார்ப்பதைவிட அதிகப் பழக்கம் வேண்டுவது மெருகைப் படிப்பதில்தான். முதல் ஏறத்தாழ 2400 துப்பாக்கிகள் கண்ணாடி போல் பளபளக்கும்வரை தேய்க்கப்பட்டு, அதன்பின் நீலமேற்றப்பட்டன, அதாவது துருவைத் தடுக்கும் கருநீலப் படலம் எஃகின்மேல் உண்டாக்கப்பட்டது. பிந்தியவற்றில் தேய்ப்பின் நுண்கோடுகள் கண்ணுக்குத் தெரியும். பாகங்களை இணைக்கும் ஊசிகளான பின்கள், டிரிகர் போன்ற சில சிறு பாகங்களுக்கு வேறு முறை: மெருகேற்றிய எஃகை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி, மயில் கழுத்து நிறத்தில் ஒளிரும். அந்தப் படலம் சில ஆண்டுகள் கைபட்டாலே மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். எனவே, ஸ்லைடின் ஓரங்களெல்லாம் உறையில் உரசி வெளுத்திருக்க, டிரிகர் மட்டும் புத்தம் புதிய நீலத்தில் ஒளிருமானால், அந்த டிரிகரைச் சந்தேகிக்க வேண்டும். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். உள்ளங்கை படும் இடம், உறையின் வாய் உரசும் இடம், சுடாமல் பூட்டி வைக்கும் சேஃப்டியைக் கட்டைவிரல் தள்ளும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

மறுமெருகு ஏற்றியதைக் கண்டுபிடிக்கச் சாய்வான வெளிச்சம் போதும். அறையின் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு சிறு விளக்கை மேசைக்குச் சமமாகத் தாழ்த்தி, பொறிப்பின்மேல் பக்கவாட்டில் ஒளி விழச் செய்யுங்கள். அச்சு எஃகில் இறங்கும்போது எழுத்தின் ஓரத்தில் உலோகம் இம்மியளவு மேலெழும். பின்னால் யாராவது சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருந்தால் அந்த மேடு போய்விடும், எழுத்தின் ஆழம் ஒரு பக்கமாகக் குறைந்திருக்கும், பின்கள் செருகும் துளைகளின் விளிம்புகள் கூர்மை இழந்து கிண்ணம்போல் குழிந்திருக்கும். பழைய எண்ணை இழைத்து அழித்துவிட்டுப் புதிதாக அடித்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் பரப்பு இலேசாகத் தாழ்ந்து, வெளிச்சம் அங்கே வளைந்து ஓடும். அப்படி ஒன்றைக் கண்டால் அது விலைக் குறைவோடு முடிகிற விஷயம் அல்ல. வரிசை எண்ணை அழித்த அல்லது மாற்றிய துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விற்பவரிடம் விவாதிக்காமல் விலகி, ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

மெருகு பற்றிப் பேசும்போது என் மனத்தை மிகவும் வருத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் துப்பாக்கியை மதிப்பீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முந்தைய இரவு, நல்லெண்ணத்தோடு, உலோக பாலிஷும் எஃகு நாரும் கொண்டு பளிச்சென்று தேய்த்துவிட்டு வருகிறார்கள். நூறு ஆண்டுகள் தாங்கிய மேற்பரப்பு ஓர் இரவில் போய்விடுகிறது, அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. பணமதிப்பு சரிவது ஒரு பக்கம் இருக்கட்டும்; அந்தத் துப்பாக்கி உண்மையானது என்று நிரூபிக்க இருந்த சாட்சியமே அந்த மேற்பரப்பில்தான் இருந்தது. துரு பரவாமல் இருக்க, மென்மையான துணியால் துடைத்து, அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். நைட்ரைல் கையுறை அணியுங்கள், ஏனெனில் விரல் வியர்வையின் உப்பு எஃகில் ரேகையாகவே பதிந்துவிடும். பழைய தோல் உறை துப்பாக்கியோடு சேர்ந்து வந்திருந்தால் இரண்டையும் பிரித்து வையுங்கள். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் அது ஈர்க்கும் ஈரமும் எஃகை அரிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மரபுரிமையாக வந்த துப்பாக்கி வெறுமையாக இருக்கும் என்று யாரும் நம்பக் கூடாது. குழல் வாய் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, கைப்பிடிக்குள் குண்டுகளை வைத்திருக்கும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, குழலின் பின்முனையில் உள்ள குண்டறையில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கேமராவை எடுக்க வேண்டும். இது பழக்கமில்லாதவர்கள் துப்பாக்கியைத் தொடாமல் அருகில் உள்ள உரிமம் பெற்ற வணிகரை அழைப்பதே நல்லது. கழற்றிய மேகசினையும் அலட்சியமாக வைத்துவிட வேண்டாம். அடியில் கயிறு கோக்கும் வளையமும், மேல்பகுதி வெளிறியும் கீழ்ப்பகுதி நீலமாகவும் இரு நிறத் தோற்றமும் கொண்ட தொடக்ககால மேகசின்கள் தனியாகவே நல்ல விலை பெறுபவை. துப்பாக்கியை விற்பதற்கு முன் அவற்றை மட்டும் உருவிக்கொள்வோர் உண்டு.

துப்பாக்கியைக் குடும்பத்தோடு இணைக்கும் கதைக்கு வருவோம். தாத்தா இதை முதல் உலகப் போரில் பிரான்சில் ஏந்தினார் என்று சொல்பவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் தொழிற்சாலைக் கடிதம் துப்பாக்கியை ஆயுதச் சாலையின் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும்; அங்கிருந்து எந்த வீரனின் கைக்குப் போனது என்பதை அது சொல்லாது. அவரது பணிக் கோப்பைத் தேடலாம் என்றால், 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பகுதியில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் ஏற்பட்ட தீ, 1912 நவம்பர் முதல் 1959 வரை பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ராணுவ வீரர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காட்டை அழித்துவிட்டது. இந்தத் துப்பாக்கி புழக்கத்துக்கு வந்த காலமும் அந்தக் கோப்புகளின் காலமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தொடங்குவது ஆய்வாளர்களுக்குப் பெரும் இழப்பு. எஞ்சியிருப்பது வீட்டில் உள்ள தாள்கள்: பணிவிடுப்புச் சான்று, களத்தில் இருந்து எழுதிய கடிதங்கள், அரசு உபரித் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்றபோது தந்த ரசீது. இவற்றில் எதிலாவது வரிசை எண் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாளின் மதிப்பு தனி. எண் இல்லாத சொந்தக் கதைகளையும், சொன்னவர் பெயரோடும் சொன்ன நாளோடும், அது வாய்மொழி என்ற குறிப்போடும் எழுதி வைக்கலாம்.

என் அறிக்கைகளில், துப்பாக்கியில் கண்ணால் கண்டவை, ஆவணத்தில் வாசித்தவை, குடும்பம் சொன்னவை என்று மூன்றையும் தனித்தனியாகவே எழுதுகிறேன். பாகம் மாற்றப்பட்டிருந்தால் அதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். ஆயுதச் சாலையில் மீண்டும் பூட்டப்பட்ட துப்பாக்கி, அதற்கான முத்திரையோடு, அப்படியே நேர்மையாக விவரிக்கப்பட்டால் அதற்கும் நல்ல சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இன்று சந்தையில் கிடைக்கும் 1912 ஸ்லைடு ஒன்றை வாங்கி அதன்மேல் பூட்டி, ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று விற்பதுதான் மோசடி.

படங்கள், கடிதத்தின் நகல், அறிக்கை ஆகியவற்றின் ஒரு தொகுப்பைத் துப்பாக்கி இருக்கும் பெட்டகத்தில் வைக்காமல் வேறொரு வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வையுங்கள். திருட்டுப் போனால் காவல்துறையும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பவை வரிசை எண்ணும் படங்களும்தான்.